பாப்பாவின் டைம்டேபிள்

"ஏழுன்னு எழுதிட்டு, பக்கத்துல ஆறரைன்னு போட்டிருக்கே. எதுதான் சரி?"

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்துவிட்டு சில்வெஸ்டர் கேட்டான். அடுப்படியில் நின்றபடியே ஆஷா பதில் சொன்னாள்.

"அது ஏழு இல்லீங்க, ஏளு. கன்னடத்துல எழுந்திருன்னு அர்த்தம். பாப்பாவுக்குக் கன்னடத்துல சொன்னாத்தான் சட்டுனு புரியும். ஆறரைக்கு 'ஏளு பாப்பா'ன்னு எழுப்பணும்."

"கன்னடத்துல ஏழு மணிக்கும் ஏளுதானே?"

"ஆமா."

"நம்ம ரெண்டு பேர் வாயிலயும் ழ வேற வராது. ஆக மொத்தம் எல்லாமே ஏளுதான். எதுக்குக் கொழப்பம்? ஏளு மணிக்கே ஏளுன்னு வெச்சிடு."

ஆஷா யோசித்தாள். பாப்பாவுக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். ஆறரையை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். பொம்மனஹள்ளியில் ஒரு குடும்பம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பது இப்படித்தான் முடிவானது.

விளையாட்டுக்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. போன மாதம் வீட்டைப் பார்க்க வந்த குழந்தைகள் நல அலுவலக மேடம், "நீங்க ஹெப்பகோடியில ஃபேக்டரிக்குப் போறீங்க, இவங்க கிளினிக்குக்குப் போறாங்க. குழந்தையை யார் பாத்துக்கறது?" என்று கேட்டார். சில்வெஸ்டர் சிரித்துக்கொண்டே, "பாத்துக்கலாம் மேடம்" என்றான். அவன் தங்கவயல்காரன். சுரங்கத்தை மூடிய அன்று அவன் அப்பாவும் இதையேதான் சொன்னார்.

மேடம் சிரிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் வருகிறார். அன்றைக்கும் அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பாப்பா இந்த வீட்டில் இருக்க முடியாது. அதை நினைத்து நினைத்தே ஆஷா நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

"பல் தேய்க்கப் பத்து நிமிஷமா?" சில்வெஸ்டர் அடுத்த வரிக்கு வந்தான்.

"அஞ்சு வயசுங்க. நுரையோட விளையாடும்."

"குளியல்?"

"செவ்வாயும் வியாழனும் காவேரித் தண்ணி வரும், தலைக்கு ஊத்திடலாம். மத்த நாள் உடம்புக்கு மட்டும்."

"சரி. வேன் நிக்கிற முனைக்கு நாலு நிமிஷம் போட்டிருக்கே. அது உன் காலுக்கு. பாப்பா காலுக்கு ஒம்பது நிமிஷம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் சின்னச் சின்ன அடியா வெச்சு நடந்து பாத்தேன். கீழ்வீட்டு ஓனரம்மா 'ஹுஷாரில்வா சார்?'னு விசாரிச்சாங்க. உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியலை."

ஆஷா நாலை ஒன்பதாக்கினாள். "ஞாயிறு ஒம்பதரை பூசை. நடுவுல தூங்கிட்டா?"

"நான்கூடத்தான் தூங்கறேன். ஃபாதர் ஒண்ணும் சொல்றதில்லை."

கழுவுவதற்காக ஆஷா அவன் பையிலிருந்து ரோஜா நிற டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். "பாருங்க, பீன்ஸ் அப்படியே திரும்பி வந்திருக்கு."

"பிடிக்கலைன்னா விட்டுடணும். வற்புறுத்தக் கூடாது" என்றான் சில்வெஸ்டர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அவள் முறைத்தாள். பிறகு 'நாளை: உருளைக்கிழங்கு' என்று எழுதிவைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேடம் வந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே ஆஷா டைம்டேபிளைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். சில்வெஸ்டர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டதையும், மூன்று மணிக்கு வேன் வரும்போது அவன் முனையில் நிற்பான் என்பதையும் சொன்னாள். மேடம் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அஞ்சு மணிக்குப் பால். அஞ்சரையில இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும்..." ஆஷா நிறுத்திவிட்டாள். அந்த வரியை அவள் எழுதவில்லை. அது சில்வெஸ்டரின் கோணல் கையெழுத்து.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மேடம்.

"அழுகைன்னு எழுதியிருக்கு மேடம்."

மேடம் சில்வெஸ்டரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூப்பிட்டதுபோல அவன் சட்டென்று எழுந்து நின்றான்.

"கொழந்தைன்னா அழும் மேடம். அந்த நேரத்துல வேற வேலை வெச்சிருந்தா, சீக்கிரம் முடின்னு அவசரப்படுத்துவோம். அதான் ஒண்ணும் வைக்கலை. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். அழலைன்னா கால் மணி நேரம் மிச்சம்."

ஆஷாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேடம் இருந்ததால் டைம்டேபிளை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் ஃபைலைத் திறந்து நாலைந்து வரி எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு மூடினார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"தத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சு. ஹோம்ல பாப்பா உங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டே இருக்கு. எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"