எஞ்சின் பார்க்கப் போன நாள்

ரயிலில் முதியோர் சலுகை நின்றுபோவதற்கு முந்தைய வருடம் அது. கோவை ஜங்ஷனில் டிக்கெட் வரிசையில் நின்ற பிறகும் திருமூர்த்தி மனைவியை விடவில்லை.

“முழு டிக்கெட் போட்டு ஈரோடு போயி எஞ்சின் பாக்கோணுமா அம்மணி? அடுத்த வருசம் எனக்கு அறுபது ஆகட்டும். சலுகைல மாசாமாசம் கூட்டிப்போறேன்.”

“அதுக்குள்ள பழைய டீசல் எஞ்சினையெல்லாம் ஒடைச்சுப்போடுவாங்க” என்றாள் ருக்மணி. இதுவரை பார்த்த முந்நூறு எஞ்சின்களின் எண்களை அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண், “அம்மாவுக்கு அம்பத்தெட்டு ஆயிருந்தா இப்பவே சலுகை உண்டுங்க” என்றாள்.

“அவளுக்கு அம்பத்தேழுதானுங்க. என்னைய விட ரெண்டு வயசு சின்னவ” என்று சிரித்தார் திருமூர்த்தி.

ருக்மணி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். முப்பத்தாறு வருடம் காத்த பொய். அது அந்த அட்டையோடு முடிந்தது.

“அறுபத்தொண்ணு” என்று வாசித்தாள் கவுண்டர் பெண்.

திருமூர்த்தி அட்டையை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

“பொண்ணு சின்னவளா இருக்கோணும்னு உங்கம்மா சொன்னாங்களாம். எங்கப்பா ஜாதகத்துல நாலு வருசத்தைக் குறைச்சு எழுதிப்போட்டாருங்க” என்றாள் ருக்மணி.

“இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன கெடைச்சிருக்கும்? இன்னிக்கு எஞ்சின் கெடைக்குது.”

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். திருமூர்த்தி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவுண்டர் பக்கம் குனிந்தார்.

“ஈரோட்டுக்கு ரெண்டுங்க. அக்காளுக்கு அரை டிக்கெட்டு, எனக்கு முழுசு.”