மூன்று எண்ணும் வரை

1927ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் ஒன்பதாம் நாள், புதன்கிழமை. விடியற்காலை முதல் தூறல், கீழைக்காற்று.

நிலத்தின் அடியில், அறுநூறு அடி ஆழத்தில், மழையும் இல்லை, காற்றும் இல்லை.

படக்காரன் சுரங்கப்பாதையில் முக்காலியை ஊன்றினான். அதன்மேல் படப்பெட்டியைப் பொருத்தினான். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

கண்ணாடியில் யாவும் தலைகீழாகத் தெரிந்தன. சரிந்த பாறை. அதன் அருகே இருசப்பன். இருசப்பனுக்குப் பக்கத்தில், இரண்டு ஆணிகளில் மாட்டிய ஒரு சாக்குப்படுதா. சாக்கின் நீல எழுத்துகளும் தலைகீழாகத் தெரிந்தன.

படுதாவின் பின்னே இருப்பது யாது என்று அவன் வினவவில்லை. கூண்டில் இறங்கும்போதே, சங்கிலியின் இரைச்சலுக்கிடையே, இருசப்பன் அவன் காதில் சொல்லியிருந்தான்.

“உளுத்த கட்டைண்ணே. நடுவுல முறிஞ்சு நிக்குது. மூணு தடவ சொல்லிப் பாத்தான் என் தம்பி.”

தம்பி தேசப்பன்மீது பாறை விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தாங்குகட்டையை அவனே தட்டிச் சாய்த்துவிட்டான் என்று மேஸ்திரி ஆதிகேசவலு எழுதிக் கொடுத்திருந்தார். சாக்கை மாட்டியவரும் அவரே. அந்த எழுத்து நிலைத்தால், குற்றம் இறந்தவனுடையது. அவனுடைய மனைவியும் கைக்குழந்தையும் சுரங்கத்துக் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும்.

விசாரணை அதிகாரி ஒரு படம் கேட்டிருந்தார். தகடு கழுவப்படாமல், முத்திரையிட்ட பெட்டியில், நேரே அவரிடம் செல்ல வேண்டும் என்பது உத்தரவு.

மாலைக்குள் அவ்விடம் கற்களால் நிரப்பப்படும்.

சாவு விழுந்த இடத்தில் மூன்றாம் நாள் சூடம் காட்டும் வரை அச்சுரங்கத்து ஆட்கள் கால் வைப்பதில்லை. பாறையின் உயரம் விளங்க ஓர் ஆள் அருகில் நிற்க வேண்டும் என்று படக்காரன் கேட்டபோது, ஒருவரும் முன்வரவில்லை. இறந்தவனின் அண்ணன் மட்டும் வந்தான்.

மேஸ்திரி அதைப் பெரிதாக எண்ணவில்லை.

“நேரா நில்லுடா. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நெளியாத.”

இருசப்பன் நேராக நின்றான்.

படக்காரன் பொடித்தட்டில் மக்னீசியப் பொடியைப் பரப்பினான். ஒரு முறைக்கே போதுமான பொடி. விளக்குகளை அணைக்கச் சொன்னான்.

மேஸ்திரியின் விளக்கு அணைந்தது. இருசப்பனின் விளக்கு அணைந்தது. இறுதியாகத் தன் விளக்கை அவன் ஊதினான்.

கைவிரல்கூடத் தெரியாத இருள்.

லென்ஸின் மூடியைக் கழற்றினான். இவ்விருளில் தகடு எதையும் பதியாது. பொடி பற்றும் அந்த நொடி மட்டுமே அதற்குப் பகல்.

“மூணு எண்ணுவேன். அசையக் கூடாது.”

பொடியைப் பற்றவைக்கும் தீக்கல்லின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டான்.

“ஒண்ணு.”

நீர் சொட்டியது.

“ரெண்டு.”

சாக்கு உரசியது.

மிக மெல்லிய ஒலி. ஆயினும் ஒலி.

“என்னப்பா சத்தம்?” என்றார் மேஸ்திரி.

படக்காரன் மறு கையால் பொடித்தட்டைச் சுரண்டினான்.

“பொடிய நெரவுறேன், ஐயா.”

மீண்டும் உரசல். ஓர் ஆணியிலிருந்து விடுபட்டிருக்கும். இன்னோர் ஆணி இருக்கிறது.

அவன் மூன்றாவதை எண்ணவில்லை. கயிறு விரலை அறுத்தது.

“என்னய்யா, மூணு மறந்துபோச்சா? பள்ளிக்கூடமே போகலியா நீ?”

மேஸ்திரி சிரித்தார். அச்சிரிப்பின் அடியில் சாக்கு தரையில் விழுந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக அவன் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தவன். மணமக்களிடம், மாணவர்களிடம், பிணத்தைச் சுற்றி அமர்ந்த உறவினர்களிடம். கண்ணை மூடாதீங்க.

“ஐயா,” என்றான். “கண்ண இறுக்க மூடிக்குங்க. இது கடும் பொடி. பார்வையைப் பறிச்சிடும்.”



மூடினாரா என்று இருளில் காண வழியில்லை.

“மூணு.”

கயிற்றை இழுத்தான்.

வெண்மை.

அதன் பின் புகை. பாதை முழுதும் சுண்ணாம்பு போன்ற தடித்த புகை. இருசப்பன் இருமினான். படக்காரனும் இருமினான், சாக்கின் உரசல் கேளாதபடி தேவைக்கு அதிகமாகவே இருமினான். தடவித் தடவி லென்ஸை மூடினான். தகட்டைப் பலகையிட்டு மறைத்தான். தீக்குச்சியை மட்டும் உடனே தேடவில்லை.

மேஸ்திரியே தீக்குச்சி கிழித்தார்.

புகை மெல்ல விலகியது. சரிந்த பாறை. இருசப்பன். ஆணிகளில் படுதா.

சாக்கின் நீல எழுத்துகள் தலைகீழாக இருந்தன. இப்போது வெறுங்கண்ணுக்கும்.

மேஸ்திரி படுதாவை நோக்கி நடந்தார். மூன்றடி. நின்றார். புறங்கையால் கண்களைத் தேய்த்தார்.

“மூடியும் செவசெவன்னு நிக்குதேய்யா. ஒரு எழவும் தெரியல.”

“கொஞ்ச நேரம் ஆகும், ஐயா. என் தோளப் பிடிச்சுக்குங்க.”

அவர் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது.

“நீயும் மூடிக்கிட்டியா?”

“மூடிக்கிட்டேன், ஐயா.”

கூண்டு ஏறியது. இருசப்பனின் வலக்கை முட்டியாக மூடியிருந்தது. விரல்களின் இடுக்கில் உளுத்த மரத்தூள் ஒட்டியிருந்தது. படக்காரன் தன் கறுப்புத் துணியை அக்கைமீது போட்டான், சுமக்கக் கொடுப்பவனைப் போல.

மேலே, சுரங்க அலுவலகத்தின் தாழ்வாரத்தில், மேஸ்திரி அரக்கை உருக்கினார். தகட்டுப் பெட்டியின் வாயில் ஊற்றினார். தம் கையாலேயே முத்திரையை அழுத்தினார். படம் எடுக்கும்போது உடனிருந்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அதிகாரியின் டவாலிச் சேவகன் பெட்டியை வாங்கிக்கொண்டு புறப்பட்டான்.

இருசப்பன் தூறலில் முகத்தை உயர்த்தி நின்றான். இமை கொட்டவில்லை.

மணி பன்னிரண்டு இருபத்தேழு.