மகள் வழிச் செய்தி

"இந்த வீட்டுல சட்டைக்கு பட்டன் தைக்கிறவங்க யாராச்சும் இருந்தா நல்லா இருக்கும்," என்றார் மாஸ்டர், ஃபிரிட்ஜைப் பார்த்து.

ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை.

அவருடைய மனைவி தையல் மெஷினில் யார் வீட்டுக்கோ ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷர், மனைவிக்கும் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று கூட்டிப்போய், பின் சீட்டில் இரண்டு மாணவர்கள் இருக்கும்போதே, "உனக்கெல்லாம் ஸ்டியரிங் எதுக்கு, கத்திரிக்கோல் போதும்" என்றுவிட்டார். அவள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள். வாயையும் அப்போதே சாத்தியதுதான்.

குடும்பம் மட்டும் நின்றுபோகவில்லை. அது மகள் வழியாக நடந்தது.

ஊரின் மறுகோடியில், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற மகளுக்கு இவள் அனுப்புவாள்: "உங்கப்பாகிட்ட சொல்லு." மகள் அங்கிருந்து அவருக்கு அனுப்புவாள். அடுத்த அறையில் அவர் போன் கிணுகிணுக்கும். அவர் பதிலும் அதே வழியில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்.

இணையம் செத்து இன்று மூன்றாம் நாள். போன் அழைப்பும் போகவில்லை.

ஊர் எப்படியோ சமாளித்துக்கொண்டது. எதிர்வீட்டு டாக்டர் ஜன்னலில் நின்று, அடுத்த நோயாளி வரலாம் என்று கத்துகிறார். போனில் வழி பார்த்தே பழகிய மாணவர் ஒருவர், நேற்று வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, தன் வீடு இடதா வலதா என்று மாஸ்டரையே கேட்டாராம். கீழ்வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தாள்.

இந்த வீடுதான் திண்டாடியது.

மாஸ்டர் சட்டையைக் கொண்டுவந்து மெஷின் மேலேயே வைத்து, மெஷினிடமே பேசினார்.

"போன்ல மட்டும் அவ்வளவு பாசமா பேசத் தெரியுது. நேர்ல ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"என்ன பாசம்?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, தானே முதலில் வாயைத் திறந்துவிட்டோம் என்று. நான்கு மாத வைராக்கியம், இரண்டே வார்த்தையில் போயிற்று.

மாஸ்டருக்கு அதைக் கொண்டாடக்கூட நேரமில்லை. போனைத் தடவி, தேடி எடுத்து நீட்டினார். மகள் எழுதியிருந்தாள்: "அம்மா சொல்றாங்க, நீங்க பக்கத்துல உக்காந்தா அவங்களுக்கு ரோடே பயமில்லையாம். அதட்டினாலும் பரவாயில்லையாம்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தாள். தன் போனில் அதே தேதியைத் தேடினாள். "வாசல்ல செருப்பைக் குறுக்கே போட வேண்டாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு." அவள் அனுப்பியது இவ்வளவுதான்.

அவள் தன் போனில் இன்னும் பின்னால் தேடிப்போனாள். செருப்புக்காக இல்லை.

இரண்டாம் மாதம் ஒருநாள், தங்கை வீட்டுக்கே போய்விடுவது என்று பெட்டி கட்டிவிட்டாள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அப்போதுதான் மகள் வழியாக அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உடனே பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அதற்குப் பிறகு அதை நாற்பது தடவையாவது படித்திருப்பாள். இப்போது எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதையாவது நீங்க சொன்னீங்களா?"

மாஸ்டர் உதடு அசையப் படித்தார். "அப்பா சொல்றார், உன் மெஷின் சத்தம் கேக்கலைன்னா அவருக்கு வீடே பிடிக்காதாம். தூக்கமும் வராதாம்."

அவர் தலையைச் சொறிந்தார்.

"மெஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னேன்," என்றார். "சத்தத்துல தூக்கம் வரலைன்னு."

அவள் பார்வை அலமாரி மேலிருந்த பெட்டிக்குப் போனது. அவர் பார்வையும் பின்னாலேயே போனது.

"நான் சொல்லலதான்," என்றார் மாஸ்டர், இந்த முறை ஃபிரிட்ஜைப் பார்க்காமல். "அதுக்காக அவ எழுதினது பொய்னு சொன்னேனா?"

அவள் சட்டையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கோர்க்க வேண்டிய ஊசியில் மூன்று தடவை நூல் நழுவியது. கண்ணாடி சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பட்டன் தைத்து, டீயும் போட்டு, இரண்டு கோப்பைகளையும் அவள் சோபாவுக்குக் கொண்டுவந்தபோது தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். மாடிக்கு மாடி கைதட்டல். இரண்டு போன்களும் மூன்று நாள் பாக்கியைச் சேர்த்துவைத்துத் துடித்தன.

முதலில் மகள்தான். இருவருக்கும் ஒரே வாசகம்: "நேர்ல ஏதாவது பேசிக்கிட்டீங்களா?"

"பயந்து போயிருக்கா," என்றார் மாஸ்டர்.

"பயப்படாம? மாட்டிக்கிட்டா இல்ல."

"சொல்லிடலாமா?"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "சொன்னா எழுதறதை நிறுத்திடுவாளே."

மாஸ்டர் அதற்குமேல் யோசிக்கவில்லை. "உங்கம்மாகூட எனக்கென்ன பேச்சு?" என்று அனுப்பினார். "யாரோட பேசணும்?" என்று அவள் அனுப்பினாள்.

பிறகு அவர் இன்னொன்றும் தட்டி, அவளிடம் காட்டிவிட்டே அனுப்பினார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, டீயில சர்க்கரை பத்தலை."

இருவரும் அவள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நேரமாயிற்று. மகள் யோசிக்கிறாள் போல.

போன் கிணுகிணுத்தது.

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து, கையால் மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் சற்றே நெருங்கி உட்கார்ந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"