உலகத்தின் ஒரே முட்டை

முட்டை உடைந்துவிட்டது.

காரணம் ஒரு தும்மல். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முட்டையைக் கையில் எடுத்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டும் நேரம் பார்த்து வந்து தொலைத்தது.

மியூசியத்தில் பறவைக் கூடத்தின் பொறுப்பாளர் அவள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாதாரண முட்டையா அது? அந்தப் பறவை நாற்பது வருடங்களாக யார் கண்ணிலும் படவில்லை. பூண்டோடு அழிந்துவிட்டது என்று நிபுணர்கள் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அது உலகத்துக்கு விட்டுவிட்டுப் போனது இந்த ஒரு முட்டையைத்தான். அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

வேலை நிரந்தரமாகி முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் பெண்ணை நம்பித்தான் அந்த முட்டையையே விட்டிருக்கிறார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மூடி மறைக்க அவளுக்கு வராது. பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நேரே இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிடுவோம், வேலை போனால் போகட்டும் என்று கிளம்பினாள்.

இயக்குநரின் அறையில் ஒரே கூட்டம். வாட்ச்மேன் முதல் கணக்கர் வரை கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள்.

அந்தப் பறவை கிடைத்துவிட்டதாம்.

ஏதோ ஒரு மலைச்சரிவில் ஆய்வாளர்கள் வைத்த கேமராவில் சிக்கியிருந்தது. என்னையா செத்துப்போனதாகச் சொன்னீர்கள் என்று கேட்கிற மாதிரி கூட்டில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பறவை மேல் எவ்வளவு பாசம் என்று கணக்கர் உருகிப்போனார். நிஜமாகவே பாசம்தான். பறவை மட்டும் கைக்கு எட்டியிருந்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பாள்.

இயக்குநர் அடுத்த படத்தைத் திறந்தார். பறவை இரை தேடப் போயிருந்தது. கூட்டில் மூன்று முட்டைகள்.

மூன்றும் சுத்த வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மியூசியத்து முட்டையில் உடம்பு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பாடப்புத்தகத்தில்கூட அந்தப் புள்ளிகளோடுதான் படம் இருக்கிறது. புள்ளிகளை மட்டுமே ஆராய்ந்து ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்.

"நம்ம முட்டையைக் கொண்டு வாங்கம்மா, பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்" என்றார் கணக்கர்.

அவ்வளவுதான், தீர்ந்தது கதை என்று நினைத்து அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோரையும் காபி குடிக்க விரட்டினார். அவள் மட்டும் போகவில்லை. கைக்குட்டையை மேசை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

இயக்குநர் குனிந்து துண்டுகளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கம்மா" என்றார். "நிஜ முட்டை இங்க வந்த அன்னிக்கே என் கையில உடைஞ்சிடுச்சு, பெட்டியைப் பிரிச்ச என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கல. பதிலுக்கு வச்சதை வெறும் வெள்ளையா விட்டா வாத்து முட்டைன்னு தெரிஞ்சிடுமேன்னு நான்தான் புள்ளி வச்சேன்."