இருபத்தெட்டுப் பச்சை நட்சத்திரங்கள்

"இதை நிரப்பினது யாரு, மிஸ்?"

ஸர்க்கா நகரத்து மழலையர் பள்ளி. பாயில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, உம்மு கைஸ் முன்னேற்ற அட்டையை மேசைமேல் வீசினாள். அலிஃப் முதல் யா வரை இருபத்தெட்டு அரபு எழுத்துகளின் ஒலிகளுக்கும் பச்சை நட்சத்திரம்.

"நான்தான். இதுல என்ன குறை, உம்மு கைஸ்? மத்தவங்க சிவப்பு வந்தாத்தான் சண்டைக்கு வருவாங்க," என்று சிரித்தாள் ரன்தா மிஸ்.

"வீட்டுல எந்த எழுத்தைக் காட்டினாலும் பிள்ளை திருதிருன்னு முழிக்குது. ஒரு சத்தம்கூட வாயில வரலை."

"செல்லம் கொடுத்தா அப்படித்தான். இங்க கணீர்னு சொல்றான்."

"நீங்களே கேட்டீங்களா?"

"பின்னே? வாராவாரம் பக்கத்துல உட்காரவச்சு, ஒவ்வொரு சத்தமா சொல்லவச்சுத்தான் நட்சத்திரம் ஒட்டறேன். நாலு மாசமா! வல்லாஹி, என் காதால கேட்டேன்!"

"ஆணை வேறயா?" உம்மு கைஸ் அட்டையின் மேலே இருந்த 'கைஸ்' என்ற பெயரில் விரலை வைத்தாள். "கைஸ் என் மூத்த மகன், மிஸ். ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் பேரை வச்சு என்னை ஊரே உம்மு கைஸ், கைஸோட அம்மான்னு கூப்பிடுது. அதை நம்பி வீட்டுல உட்கார்ந்து நட்சத்திரம் ஒட்டியிருக்கீங்க. நாலு மாசமா உங்க வகுப்புக்கு வர்றது அவன் தங்கச்சி லுஜைன்!"

ரன்தா மிஸ் அவசரமாக அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சரி, போகட்டும். இந்தக் கூட்டத்துல லுஜைன் யாருன்னு காட்டுங்க."

ரன்தா மிஸ் பாயைப் பார்த்தாள். ஆறு பெண் குழந்தைகள் இருந்தார்கள். அவள் விரல் எந்தப் பக்கமும் நீளவில்லை.