ஒரு ஆணி கூட மாறாத ஸ்டேஷன்

சந்து முனையிலிருந்து விக்ரம் ஓடி வந்தான்.

ட்ராம் ஸ்டாப்பைத் தாண்டி, டிக்கெட் கவுன்டரைத் தாண்டி, பிளாட்பாரத்துக்குள் பாய்ந்தான். மர பெஞ்சில், மடியில் தோல்பையுடன் உத்தமன் உட்கார்ந்திருந்தார்.

விக்ரம் கட்டிக்கொள்ள விரும்பும் ஜெயப்ரியாவின் அப்பா. ஆசன்சோலில் ஸ்டேஷன் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர்.

“மணி என்ன தம்பி?”

“நாலரை, சார்.”

“நான் என்ன சொன்னேன்?”

“நாலு, சார்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தார். சொன்ன நேரத்துக்கு வருகிறவனுக்கு போன் எதற்கு என்பது அவர் கட்சி.

“சோனார்பூர் லோக்கல் வரப்போகுது. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அது வர்றதுக்குள்ள, ஏன் லேட்டுன்னு ஒரு காரணம் சொல்லு. இல்லேன்னா இந்தச் சம்பந்தம் இங்கேயே கட்.”

விக்ரம் வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

ஜெயப்ரியாவின் அம்மா நீலாவதி எப்போதோ சரி சொல்லியாகிவிட்டது. விக்ரமின் செக்டர் ஃபைவ் ஆபீசில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு லீவே போட்டுவிட்டார்கள். மிச்சம் இந்த ஒரு சிக்னல்தான். அது சிவப்பில் நின்றது.

“என் முதல் போஸ்டிங் இந்த ஸ்டேஷன்லதான். புக்கிங் கிளார்க். அப்போ போனவன், இன்னிக்குத்தான் திரும்ப வர்றேன். பாரு, ஒரு ஆணி கூட மாறலை.”

அதே பச்சை மரவேலி. மணல் நிரப்பிய அதே சிவப்பு வாளிகள். வாசலில் ஒற்றை ட்ராம். உத்தமனின் குரல் கொஞ்சம் இளகியது.

“லேக் மார்க்கெட்லேர்ந்து டாக்சில வந்தேன். ஸ்டேஷன் இன்னும் முன்னாடி இருக்குங்கிறான் டிரைவர். எனக்கே வழி சொல்றான்! நிறுத்துடான்னு இறங்கிட்டேன்.”

“சரிதான், சார்.”

“அந்த வளைவுல ட்ராம் மணி அடிச்சா, நான் கவுன்டரை மூட மாட்டேன். இறங்கி ஓடி வர்ற கடைசி ஆள் வரைக்கும் டிக்கெட் கொடுப்பேன். கார்டு கத்துவான். கத்தட்டும்!”

“அவங்களும் லேட்தானே, சார்?”

“அது ட்ராம் லேட். ஆள் லேட் இல்லை.”

பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. எல்லார் உடம்பிலும் புதுத்துணி. இரண்டு பெண்கள் சிவப்பு வாளியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கவுன்டர்காரர் யாருக்கும் டிக்கெட் கொடுக்காமல் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டியூட்டில போன்!” என்று உத்தமன் பின்னால் இருந்த சுவரை ஓங்கித் தட்டினார்.

சுவர் ஆடியது.

“பார்த்தியா, அதிர்வு. வண்டி வருது. என்னை எதிலயும் ஏமாத்த முடியாது தம்பி. சத்தத்தை வெச்சே எத்தனை பெட்டின்னு சொல்வேன்.”

ஹாரன் கேட்டது. உத்தமன் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய் நின்றார்.

சத்தம் முதுகுக்குப் பின்னால், வீடுகளுக்கு அப்பால் எங்கேயோ வந்தது. நின்றது. கிளம்பிப் போயே போய்விட்டது.

“லைன் மாத்தி விட்டுட்டானா?” என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் மேளம் அதிர்ந்தது.

தண்டவாளத்தின் கோடியில் தொங்கிய கறுப்புத் திரை சரசரவென்று விலகியது. சங்கு முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அங்கே ரயில் இல்லை. பத்துக் கைகளோடு, சிங்கத்தின் மேல் துர்கை நின்றிருந்தாள்.

ஒலிபெருக்கியில் பூஜா கமிட்டிச் செயலாளர் வங்காளத்தில் பூரித்தார். இந்த வருஷப் பந்தலின் தீம், நம்ம ஸ்டேஷனும் ட்ராம் ஸ்டாப்பும் அந்தக் காலத்தில் இருந்தபடி! எல்லாம் மூங்கில், பிளைவுட், துணி! பழைய போட்டோக்கள் கொடுத்து உதவிய அனைவருக்கும் நன்றி!

உத்தமன் கைகூப்பினார். கூப்பிய கையை ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.

பிறகு, சாமியைப் பார்த்தபடியே மெதுவாகக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை.”

வேறு யாரையோ என்று நினைத்து விக்ரம் திரும்பிப் பார்த்தான்.

“உங்களைத்தான். இது வீடு வரைக்கும் போக வேண்டாம். நீலாவதிக்குத் தெரிஞ்சா அடுத்த பூஜை வரைக்கும் சிரிப்பா.”

“எது, மாமா?” என்றான் விக்ரம்.

உத்தமன் அவன் தோளில் கை போட்டார்.

இரண்டு சந்து தள்ளி, டைல்ஸும் டிஜிட்டல் போர்டுமாக நிஜ ஸ்டேஷன் பளபளத்தது. உத்தமன் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் நடந்தார்.

அதன் வாசலில் டீ விற்கிறவர் விக்ரமைப் பார்த்ததும் வங்காளத்தில் கூவினார்.

“அண்ணா! மாமனார் கிடைச்சுட்டாரா? நாலு மணிக்கு முன்னாடியே வந்து நின்னீங்களே! போனும் எடுக்கலை, எங்கே போனாரோன்னு என் டீயைக் கூடப் பாதில வெச்சுட்டு ஓடினீங்களே!”

உத்தமனுக்கு வங்காளம் நன்றாகவே தெரியும்.

நின்றார். விக்ரமை மேலும் கீழும் பார்த்தார்.

“அங்கேயே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?”

“வண்டி வர்றதுக்குள்ள சொல்லச் சொன்னீங்க” என்றான் விக்ரம். “வண்டிதான் வரவே இல்லையே, மாமா.”