பன்னிரண்டாவது அளவு

மகள் நிறைமதியின் சின்ன அறைக்குக் கட்டில் வாங்க, கோதண்டம் அளவு நாடாவைப் பதினொரு முறை தரையில் இழுத்துவிட்டார். நாடாவுக்கு முதுகே விட்டுப்போயிற்று.

"அண்ணே, மேலேயும் ஒரு தடவை வந்து பாருங்களேன்," என்று நாடாவிடம் சொன்னது சீலிங் ஃபேன். "ஏணி வச்சு ஏறுற கட்டிலாம். அடியில மேசை போட்டா இடம் மிச்சமாம். பொண்ணு எழுந்து உட்கார்ந்தா தலை என் இறக்கையிலதான் இடிக்கும்."

"இழுத்தாத்தானே தம்பி வருவேன்? இந்த மனுஷன் அண்ணாந்தே பார்க்க மாட்டேங்கிறாரே!" என்று எரிந்து விழுந்தது நாடா.

கட்டில் வந்தது. நிறைமதி ஏறி உட்காரப் போனவள், தலைக்குப் பக்கத்தில் இறக்கை சுற்றுவதைக் கண்டு அலறிக்கொண்டு இறங்கினாள்.

"ஃபேனைக் கழட்டிடலாமா?" என்றார் கோதண்டம்.

"இந்த வெயில்லயா? போங்கப்பா!"

கட்டிலில் போர்வை மூட்டைகள் ஏறின. மேசை கட்டிலுக்கு அடியில் போனதால் மிச்சமான இடத்தில் அவள் பாய் விரித்துப் படுத்தாள்.

மறுநாள் கோதண்டம் நாடாவோடு வந்தார். அது ஆவலாக மேலே பார்த்தது. அவரோ குனிந்து, பாய் கிடந்த இடத்தை அளந்தார்.

"இங்கே ஒரு சின்னக் கட்டில் போடலாம்மா."

"பன்னிரண்டு," என்றது நாடா.